வட்டி உயர்ந்தும் மாதத் தவணை மாறவில்லையா? கடன் காலத்தைக் கவனிப்பது அவசியம்

வீட்டுக் கடனுக்கான வட்டி உயரும்போது மாதத் தவணை (இஎம்ஐ) மாறாமல் இருந்தால், அது கடன்தாரருக்குக் கிடைத்த சலுகை அல்ல. கடனை அடைக்கும் காலம் நீண்டுவிட்டது என்பதே அதன் பொருள்.

தவணை எவ்வாறு பிரிகிறது?

ஒவ்வொரு தவணையிலும் அந்த மாத வட்டி முதலில் கழிக்கப்படுகிறது. எஞ்சும் தொகையே அசலைக் குறைக்கிறது. இம்முறையில் கடன் படிப்படியாகத் தீர்வதே 'அமார்ட்டைசேஷன்' எனப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெறும் ரூ.30 லட்சம் கடனுக்கு மாதத் தவணை ரூ.26,992. முதல் தவணையில் ரூ.22,500 வட்டிக்கே சென்றுவிடும், அசலில் ரூ.4,492 மட்டுமே குறையும். பாதிக் காலமான 10 ஆண்டுகள் முடிந்த பிறகும் சுமார் ரூ.21.31 லட்சம் நிலுவையில் இருக்கும். 149-ஆவது தவணையில்தான் அசலுக்கான பங்கு வட்டியை விஞ்சுகிறது.

வட்டி உயர்ந்தால்?

இதே கடனுக்குத் தொடக்கத்திலேயே வட்டி 10 சதவீதமாக உயர்ந்து, தவணை மாற்றப்படாவிட்டால், 240 மாதங்களில் முடிய வேண்டிய கடன் ஏறத்தாழ 314 மாதங்களுக்கு நீளும். கூடுதல் செலவு சுமார் ரூ.20 லட்சம். மாறாக, கடன் காலத்தை மாற்றாமல் தவணையை ரூ.28,951-ஆக உயர்த்தினால், கூடுதல் செலவு சுமார் ரூ.4.70 லட்சம் மட்டுமே.

ரிசர்வ் வங்கியின் விதிகள்

2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தப்பட்டது. இதைத் தொடர்ந்து, 2023 ஆகஸ்ட் 18-ஆம் தேதி ரிசர்வ் வங்கி புதிய அறிவுறுத்தல்களை வெளியிட்டது.

அதன்படி, வட்டி மாற்றியமைக்கப்படும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டிப்பதா, இரண்டையும் இணைப்பதா என்பதைத் தேர்வு செய்யும் வாய்ப்பைக் கடன்தாரருக்கு வங்கிகள் வழங்க வேண்டும். தங்கள் கொள்கைக்கு உட்பட்டு நிலையான வட்டிக்கு மாறவும் அனுமதிக்க வேண்டும் என்பது 2025 செப்டம்பர் வரை கட்டாயமாக இருந்தது. கால நீட்டிப்பால், செலுத்தும் தவணை வட்டிக்குக்கூடப் போதாமல் நிலுவை பெருகும் நிலை ஏற்படக் கூடாது. இதுவரை வசூலான அசல், வட்டி, எஞ்சிய தவணைகள் ஆகிய விவரங்கள் அடங்கிய அறிக்கையைக் காலாண்டுதோறும் அளிக்க வேண்டும்.

தனிநபர்கள் தொழில் அல்லாத தேவைக்காக மாறும் வட்டியில் பெற்ற கடனை முன்கூட்டியே செலுத்த வங்கிகள் கட்டணம் வசூலிக்க முடியாது. அசல் அதிகமாக உள்ள தொடக்க ஆண்டுகளில் கூடுதல் தொகை செலுத்தினால், வட்டிச் செலவு பெருமளவு குறையும்.