மூளைக்குள் ஒரு வடிகால்

கனமழை பெய்யும்போது கடல் மட்டமும் உயர்ந்திருந்தால் என்ன ஆகும்? லிட்டில் இந்தியாவை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாய் நீர் வடிய வழியின்றித் தேங்கும். ஜாலான் புசார் வட்டாரம் முன்பு வெள்ளத்தில் மூழ்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 2008ல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு, அத்தகைய நேரத்தில் மழைநீரைப் பம்புகளால் கடலுக்குள் தள்ளுகிறது.

உங்கள் தலைக்குள்ளும் இதே கணக்குதான். மூளையின் உட்குழிகளில் நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் நீர் சுரக்கிறது. ஆனால் எந்த நேரத்திலும் உடலில் மொத்தமாக இருப்பது ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் மட்டுமே. மீதி எங்கே போகிறது? மூளையைச் சுற்றிவரும் இந்நீரில் கணிசமான பகுதி, உச்சந்தலைக்கு அடியில் ஓடும் பெரிய சிரையில் கலந்துவிடுகிறது. நீரின் அழுத்தம் சிரையின் அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருந்தால்தான் இப்படி வடியும். சிரையில் தடை ஏற்பட்டால் தலைக்குள் அழுத்தம் ஏறும். மண்டையோடோ விரிந்து கொடுக்காது.

அந்தச் சிரையின் அருமையை 2003ல் சிங்கப்பூர் வேதனையோடு உணர்ந்தது. தலை ஒட்டிப் பிறந்த ஈரானியச் சகோதரிகள் லாடன், லாலே பிஜானிக்கு மூளைகள் தனித்தனி. ரத்தத்தை வெளியேற்றும் பெரிய சிரையோ ஒன்றே. ராஃபிள்ஸ் மருத்துவமனையில் தொடையிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு மாற்றுவழி அமைத்தனர். 50 மணி நேரத்துக்கும் மேல் போராடியும், அதிக ரத்த இழப்பால் ஜூலை 8ஆம் தேதி இருவரும் உயிரிழந்தனர். அவர்களுக்கு வயது 29.

மூளைநீர் தேங்கும் நோயை ‘ஹைட்ரோசெபலஸ்’ என்பார்கள். பிறவிக் கோளாறு, கட்டி, கிருமித்தொற்று, ரத்தக்கசிவு எனக் காரணங்கள் பல. பெரும்பாலும் ‘ஷன்ட்’ எனும் மெல்லிய குழாயைத் தோலுக்கடியில் வயிறுவரை செலுத்துகிறார்கள். அதிலுள்ள வால்வு வடியும் அளவைக் கட்டுப்படுத்தும்; வயிற்றுக்குள் சேரும் நீரை உடல் உறிஞ்சிக்கொள்ளும். தலைக்குள் உள்ள வழி அடைபட்டாலும் நீர் வெளியேறிவிடும்.

கைக்குழந்தையின் எலும்புகள் இன்னும் ஒட்டாததால் தலை வேகமாகப் பெரிதாகும். அதனால்தான் பரிசோதனையின்போது தலையைச் சுற்றி அளக்கிறார்கள். முதியவர்களிடம் அறிகுறிகள் வேறு: பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது போன்ற நடை, அடக்க முடியாத சிறுநீர், மறதி. அழுத்தம் பெரிதாக உயராமலேயே இவை வரலாம்.

உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் இவற்றைக் கண்டால் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஷன்ட் பொருத்திய பிறகு நடை சீரடைந்தவர்கள் உண்டு.