மூச்சில் அளக்கும் அக்கினி

சும்மா படுத்திருக்கும்போதும் நம் சரீரத்தில் ஓர் அக்கினி எரிந்துகொண்டிருக்கிறது. அதை வெளிவிடும் மூச்சைக் கொண்டே அளந்துவிடலாம். இராப் பட்டினிக்குப்பின் விடியற்காலையில் அசையாமல் படுக்க வைத்து, மூக்கை அடைத்து, வாய்க்குழாய் வழியே வரும் மூச்சைப் பையில் பிடிக்கிறார்கள். உட்செல்லும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. வெளிவருவதில் ஏறக்குறைய 17. இவ்வாறு செலவாகும் பிராணவாயு லிட்டர் ஒன்றுக்குச் சுமார் 5 கிலோகலோரி உஷ்ணம் என்பது கணக்கு.

சென்னை மாதர் கிறிஸ்தவக் கலாசாலையைச் சேர்ந்த எலியனார் மேசன் அம்மையார், அமெரிக்க நிபுணர் பெனடிக்டுடன் சேர்ந்து அளந்து, தென்னிந்திய ஸ்திரீகளின் அக்கினி மேனாட்டு அளவுக்குக் குறைந்தது என்று 1931-ல் வெளியிட்டார். அப்படியானால் நம்மவருக்குப் பிறவியிலேயே மந்தமா? அரைவயிற்றுச் சோறு போதுமென்று சொல்லிவிடலாமா? கூடாது. இந்திய, ஆஸ்திரேலிய அளவுகளை ஒப்பிட்ட 1998-ஆம் வருஷத்து ஆராய்ச்சி, சரீரத்தின் கட்டையும் எடையையும் கணக்கில் சேர்த்தால் இன வித்தியாசம் தென்படவில்லை என்று காட்டிற்று. சிறிய அடுப்பில் சிறிய தீ, அவ்வளவே.

அன்றியும், இது படுத்திருப்பவரின் கணக்கு. மதுரைக்குத் தெற்கே திருமங்கலத்துக் கரிசலில் வெயிலில் களையெடுக்கும் பெண்ணுக்கு எவ்வளவு ஆகாரம் வேண்டும் என்பதை, அவள் உழைக்கும்போது விடும் மூச்சை அளந்தல்லவா நாம் சொல்ல வேண்டும்!