கருணைக் கொலையும் அறநெறியும்

தீராத நோயினால் வருந்தும் ஒருவரின் உயிரை, அவருடைய துன்பத்தைத் தீர்க்கும் நோக்கத்துடன் முடிவுறச் செய்வதே கருணைக் கொலை எனப்படும். ‘நல்ல மரணம்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லொன்றின் வழியாக மேனாட்டார் இதனைக் குறிப்பர். தமிழ் வழக்கிலோ கருணையும் கொலையும் அடுத்தடுத்து நிற்கின்றன. இவ்விரண்டுள் எது மேலோங்கும் என்பதே வினா.

இதில் இருவகை உண்டு. மருந்து செலுத்தி உயிரைப் போக்குதல் ஒன்று. உயிரை நீட்டிக்கும் சிகிச்சையை நிறுத்தி, நோயை அதன் போக்கில் விடுதல் மற்றொன்று. முன்னதற்கு நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002 ஆம் ஆண்டில் கடும் நிபந்தனைகளுடன் சட்டத்தில் இடமளித்தன. அதனை ஏற்காது, பின்னதை மட்டும் ஏற்கும் நாடுகளும் உள.

நோயாளி தம் விருப்பத்தைச் சொல்லும் நிலையில் இல்லையெனின், அவர் சார்பில் முடிவு கூறத் தகுதியுடையார் யார்? இந்தியாவில் எழுந்த வழக்கொன்று இவ்வினாவைத் தெளிவாக முன்வைத்தது. பம்பாய் வைத்தியசாலையொன்றில் தாதியாகக் கடமையாற்றிய அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அங்குள்ள ஊழியன் ஒருவனாற் கொடுமையாகத் தாக்கப்பட்டார். கழுத்து நெரிக்கப்பட்டமையால் மூளைக்குப் பிராணவாயு செல்வது தடைப்பட்டது. அன்றுமுதல் அவர் படுக்கையிற் கிடந்தார். எனினும் இயந்திரத்தின் துணையின்றியே சுவாசித்தார். அவர்மீது இரக்கங்கொண்ட எழுத்தாளர் ஒருவர், உணவூட்டலை நிறுத்த ஆணையிடுமாறு இந்திய உச்ச நீதிமன்றத்தை வேண்டினார். அவரைப் பல்லாண்டு பேணிய தாதியர் அதனை எதிர்த்தனர்.

2011 மார்ச் 7 ஆம் நாள் நீதிமன்றம் அம்மனுவை நிராகரித்தது. அவர் சார்பிற் பேசும் உரிமை மனுதாரருக்கன்று, பேணி வந்தோருக்கே உரியது எனக் கூறியது. ஆயினும், தக்க வழக்குகளில் மேல் நீதிமன்றத்தின் அனுமதியுடன் சிகிச்சையை நிறுத்தலாம் எனவும் விதித்தது. அருணா 2015 மே மாதத்தில் நியூமோனியாவினால் இறந்தார்.

இருதரப்பாரும் கருணையையே காரணமாகக் காட்டினர். ஆகவே, கருணை ஒன்றே முடிவைத் தரும் அளவுகோலாகாது என்பது புலனாகின்றது. நோயாளியின் சொந்த விருப்பமே அங்கு அறியப்படாத பொருளாக இருந்தது. இக்குறையை நீக்கவே, சுயநினைவுடன் இருக்கும்போதே ஒருவர் தம் விருப்பத்தை எழுதி வைக்கலாம் என அதே நீதிமன்றம் 2018 இல் தீர்ப்பளித்தது. அதற்கான நடைமுறை 2023 இல் எளிதாக்கப்பட்டது.

எழுதிய விருப்பமும் ஐயங்களை முற்றாக நீக்குவதில்லை. முதுமையும் வறுமையும் உடையோர், குடும்பத்துக்குச் சுமையாவோம் என்ற அச்சத்தினால் மரணத்தை விரும்பக்கூடும். அவ்விருப்பத்தைச் சுதந்திரமான விருப்பம் எனல் பொருந்துமா? மறுபுறம், வேதனையுறும் ஒருவரை அவருடைய மறுப்பையும் மீறி இயந்திரங்களுடன் பிணைத்து வைப்பதை அறமெனல் தகுமா?

இவ்விரு தீங்குகளுக்கும் இடையே மூன்றாவது வழியொன்று உண்டு. 1967 இல் இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் நிறுவிய இல்லம், நோயைத் தீர்க்க இயலாதவிடத்தும் நோவைத் தணிக்கலாம் என்பதைக் காட்டிற்று. வலி தணிந்து, ஆதரவும் கிடைத்தபின் நோயாளி கூறும் சொல்லே அவருடைய உண்மையான விருப்பத்துக்கு அண்மையதாகும். அத்தகைய பராமரிப்பை யாவருக்கும் அளித்த பின்னரே, மரணத்தை வேண்டும் உரிமை பற்றிய விவாதம் நேர்மையுடையதாகும்.