கரைக்கு இந்தப் பக்கம் – 8: வாசலில் இருக்கும் வடிகால்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியதைப் போன வாரம் பார்த்தோம். படகு, வலை, கூழைக்கடாவின் இறகு என எதையும் அது விட்டுவைக்கவில்லை. மீனவர்களே வாளியும் கையுமாக அதை அள்ளினார்கள். இப்படி ஆலை செய்யும் கேட்டுக்குத் தனிமனிதர் என்ன செய்துவிட முடியும் என்று பலரும் கேட்கிறார்கள்.

ஆலையைக் கேள்வி கேட்க வேண்டும். அதை ஒருநாளும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால், கால்வாய் வழியாகக் கடலுக்குப் போகும் பாதை நம் வீட்டு வாசலில் இருந்தும் புறப்படுகிறது. அங்கே கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள் நாம்.

சென்னைத் தெருக்களுக்கு அடியில் இரண்டு தனித்தனி வழிகள் உண்டு. ஒன்று, குடிநீர் வாரியத்தின் பாதாளச் சாக்கடை. குளியலறை, கழிவறைத் தண்ணீர் அதில் போய், கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களில் சுத்திகரிக்கப்படுகிறது. இன்னொன்று, மாநகராட்சியின் மழைநீர் வடிகால். சாலையோரத்தில் சிமெண்ட் மூடியும் கம்பி போட்ட துவாரமுமாக இருக்கிறதே, அதுதான். அதற்குச் சுத்திகரிப்பு நிலையம் கிடையாது. மண்ணைப் பிடித்துவைக்க ஆங்காங்கே வண்டல் தொட்டிகள் உண்டு. எண்ணெயையோ சோப்பு நீரையோ அவை நிறுத்துவதில்லை. தி. நகரில் துவாரத்துக்குள் விழுந்தது மாம்பலம் கால்வாய்க்குப் போகும், நந்தனம் பக்கம் அடையாற்றில் சேரும், அங்கிருந்து சீனிவாசபுரம் அருகே கடல். விருகம்பாக்கத்தில் விழுந்தால் கூவம் வழியாக, நேப்பியர் பாலத்தைத் தாண்டிக் கடல்.

இரவு பத்து மணிக்கு மேல் கடைவீதி ஒன்றில் நின்று பாருங்கள். தள்ளுவண்டிக்காரர் வாணலியில் மிஞ்சிய கறுத்த எண்ணெயை அந்தத் துவாரத்தில்தான் சாய்க்கிறார். நாலு கடை தள்ளி மெக்கானிக் ஷாப். வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலும் அதே துவாரத்துக்குத்தான். ஓடித் தேய்ந்த எஞ்சின் ஆயிலில் உலோகத் துகள்கள் கலந்திருக்கும். சட்டப்படி அது அபாயகரக் கழிவு. அபார்ட்மெண்ட் வாசலில் கார் கழுவிய நுரை, வீடு கட்டுகிற இடத்தில் கலவை மெஷினைக் கழுவிய சிமெண்ட் தண்ணீர், சுண்டி எறிந்த சிகரெட் துண்டு எல்லாம் இங்கேதான் முடிகின்றன. சிகரெட்டின் பஞ்சு பருத்தி இல்லை, அது ஒருவகைப் பிளாஸ்டிக் என்பது புகைப்பவர்களில் பலருக்கே தெரியாது.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்துவது ஒன்றுண்டு. செப்டிக் டேங்க் லாரிக்குக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்த, ராத்திரியோடு ராத்திரியாகக் கழிவுநீர்க் குழாயை மழைநீர் வடிகாலில் சொருகிவிடுகிறார்களே, அது. தோண்டுவது பிளம்பராக இருக்கலாம். தோண்டச் சொன்னது படித்த, வசதியுள்ள வீட்டுக்காரர். அந்த மலநீர் போய்ச் சேருகிற முகத்துவாரத்தில் கழுத்தளவு இறங்கி இறால் தடவுகிறவர்களும் மனிதர்கள்தான்.

கோடையில் ஆற்றில் ஓட்டம் குறைந்து, அலை கொண்டுவந்த மணல் அடையாற்று முகத்துவாரத்தை அடைத்துவிடும். நாம் போட்டதெல்லாம் கால்வாயிலும் ஆற்றிலும் தேங்கிக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை பிடித்து, வெள்ளம் மணல்திட்டை உடைத்துக்கொண்டு பாயும்போது, பல மாதத்துக் கழிவு சில நாட்களில் கடலில் இறங்கும். அப்போது பட்டினப்பாக்கம் கரையில் வலை இழுப்பவர்கள் பக்கத்தில் நின்றிருக்கிறேன். பால் கவர், ஷாம்பு பாக்கெட், தெர்மாகோல், ஒற்றைச் செருப்பு, நடுவே கொஞ்சம் மீன். அதைப் பிரித்தெடுக்கிற நேரத்துக்கும், குப்பை கிழித்த வலையைத் தைக்கிற நேரத்துக்கும் கூலி தருபவர் யாருமில்லை.

ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குகளைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. இன்றும் சாம்பார் மெல்லிய கவரில்தான் வருகிறது. கடைக்காரரைச் சொல்லிப் பயனில்லை. தூக்குவாளி கொண்டுபோனால் ஊற்றித்தர மறுக்கும் கடையை நான் பார்த்ததில்லை.

மற்றவையும் முடியாத வேலைகள் அல்ல. வாணலி எண்ணெயைப் பழைய செய்தித்தாளில் துடைத்துக் குப்பையில் போடலாம். அளவு அதிகமென்றால் பாட்டிலில் சேர்த்துவைக்கலாம். உணவகங்களின் பழைய எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆக்கும் திட்டம் 2018 முதல் நடக்கிறது. வண்டி சர்வீஸுக்கு விடும்போது, “பழைய ஆயிலை என்னண்ணே பண்றீங்க?” என்று கேளுங்கள். பீப்பாயில் சேர்த்து விற்கும் மெக்கானிக்குகள் நிறையப் பேர் உண்டு. உங்கள் வண்டியை அவர்களிடம் விடுங்கள். வாசல் பெருக்கினால் குப்பையை முறத்தில் அள்ளுங்கள், துவாரத்தில் தள்ளாதீர்கள்.

மழைக்காலத்துக்கு முன் மாநகராட்சி ஆட்கள் வடிகால் தூர்வார உங்கள் தெருவுக்கும் வருவார்கள். அன்று வெளியே வந்து, உள்ளிருந்து வருவது என்னவென்று அக்கம்பக்கத்தாரோடு நின்று பாருங்கள். வாரிய சகதியைப் பல இடங்களில் வடிகால் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்த மழை அதை அப்படியே திரும்ப உள்ளே தள்ளிவிடும். மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்கு போன் செய்து, அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள்.