குழந்தைப்பேறு தாமதமானால் முதற் பரிசோதனை யாருக்கு?

விவாகமாகி ஓராண்டு நிறைவதற்குள்ளாகவே “விசேஷம் ஏதும் உண்டா?” என்று உற்றாரும் அயலாரும் கேட்கத் தொடங்கிவிடும் நம் சமூகத்தில், அக்கேள்வி பெரும்பாலும் மருமகளை நோக்கியே எழுகிறது, இரண்டு மூன்று வருஷங்கள் கழிந்தபின் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லப்படுகிறவளும் அவளே. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எக்ஸ்ரே, மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி என்று அனைத்தையும் அவள் தாங்கி முடித்த பிறகே, “அவரையும் ஒரு தரம் டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிடலாமே” என்ற பேச்சு மெல்லத் தலைகாட்டும் குடும்பங்கள் இன்றும் உண்டு. வைத்திய சாஸ்திரம் வகுத்திருக்கும் வரிசை இதுவன்று. கருத்தரிக்காத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம், தனிக் காரணமாகவோ மனைவியின் குறையோடு சேர்ந்த காரணமாகவோ, கணவனின் பங்கும் இருப்பதால், விசாரணை இருவரிடமும் ஒருங்கே தொடங்க வேண்டும். அதிலும் செலவு குறைந்ததும் உடலை நோகச் செய்யாததுமான சோதனையே முன்னால் வர வேண்டும். அத்தகைய சோதனை கணவனுக்குரிய விந்துப் பரிசோதனைதான்.

கருத்தடை ஏதுமின்றி ஒழுங்கான தாம்பத்திய உறவு இருந்தும் 12 மாதங்களில் கரு உண்டாகாவிட்டால் வைத்தியரை நாடலாம் என்பது பொது விதி. மனைவிக்கு 35 வயது ஆகிவிட்டிருந்தால் 6 மாதங்களே போதும். 40 கடந்திருந்தால் காத்திருக்கவே வேண்டியதில்லை. மாதவிலக்கு ஒழுங்கற்று வந்தாலும், கணவனுக்குச் சிறுவயதில் விரை இறங்காமல் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தாலும், பருவம் எய்திய பின் பொன்னுக்குவீங்கி கண்டு விரைகளைத் தாக்கியிருந்தாலும் கெடுவைக் கணக்கிட்டுக் கொண்டிருப்பது வீண்.

தேர்ந்த வைத்தியர் எந்தக் கருவியையும் எடுப்பதற்கு முன்னால் நெடுநேரம் பேசுவார். கருமுட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களுமாக, ஒரு மாதத்தில் கருத்தரிக்க உகந்த நாட்கள் ஏறக்குறைய ஆறே ஆகையால், வளைகுடா நாட்டில் வேலை பார்த்து வருஷத்துக்கு ஒரு மாதம் ஊர் வந்து போகிற கணவனுடைய மூன்று வருஷ இல்லறம், வைத்தியரின் கணக்கில் மூன்று மாதங்கள்தான். உறவே முழுமையாக நிகழாத தம்பதிகளும் இருக்கிறார்கள். மாமியாரும் நாத்தனாரும் அருகில் அமர்ந்திருக்கையில் அந்தச் சங்கதி வெளிவராதாகையால், இருவரையும் தனித்தனியே கேட்பதும் பரிசோதனையின் ஓர் அங்கமே.

விந்துப் பரிசோதனைக்கு 2 முதல் 7 நாட்கள் வரை உறவின்றி இருந்துவிட்டு, மாதிரியைப் பரிசோதனைச்சாலையிலேயே கொடுப்பது உத்தமம். வீட்டிலிருந்து கொண்டுவந்தால் ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டின்படி கீழெல்லை அளவுகள் இவை: அளவு 1.4 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்கள், அவற்றில் அசைவுடையவை நூற்றுக்கு 42, சீரான வடிவமுடையவை நூற்றுக்கு 4. இந்தக் கடைசி எண்ணைக் கண்டு, நூற்றில் தொண்ணூற்றாறு பழுதா என்று மனமுடைந்து போகிறவர்கள் அநேகர். தந்தையாகிவிட்ட ஆரோக்கியமான ஆண்களிடமும் பெரும்பாலான விந்தணுக்கள் வடிவம் பிசகியே இருக்கும். மேலும் இந்த எல்லைகள், ஓராண்டுக்குள் மனைவியைக் கருத்தரிக்கச் செய்த ஆண்களின் மாதிரிகளை வரிசைப்படுத்தி, அவர்களில் கடைசி நூற்றுக்கு ஐந்து பேர் எங்கே நிற்கிறார்களோ அங்கே வகுக்கப்பட்டவையாதலால், எல்லைக்குச் சற்றுக் கீழே இருக்கிறவனும் தந்தையாகக் கூடும்.

ஒரே அறிக்கையை நம்பி ஒருவனுக்கு ஆயுட்காலப் பட்டம் சூட்டுவது அநியாயம். விந்தணு ஒன்று உருவாகச் சுமார் 74 நாட்கள் ஆகின்றன; சென்ற மாதம் வந்த கடுஞ்சுரம் இந்த மாத அறிக்கையில் குறையாகத் தெரியும். ஆகவேதான் குறை கண்ட அறிக்கையை ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்கச் சொல்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளரவென்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்கள், வெளியிலிருந்து வரும் அந்த ஹார்மோனே உள்ளே விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும் என்பதை அறிவதில்லை. அதை வைத்தியரிடம் மறைக்கவும் செய்கிறார்கள். விந்தணு ஒன்றுகூட இல்லை என்று வந்தாலும், மாதிரியைச் சுழற்றிப் படிந்த வண்டலையும் தேடிப் பார்த்த பின்னரே அதை ஏற்க வேண்டும். அதன்பின் எழும் வினா, உற்பத்தியே இல்லையா, உற்பத்தியாகியும் வழி அடைபட்டிருக்கிறதா என்பது. விரைகளின் பருமனும், எஃப்.எஸ்.எச்., டெஸ்டோஸ்டிரோன் அளவுகளும், தேவையானால் குரோமோசோம் சோதனையும் அதற்கு விடை சொல்லும். வழி அடைப்பு மட்டுமானால், விரையிலிருந்தே விந்தணுவை எடுக்க முடியும்.

மனைவியின் விஷயத்தில் முதல் வினா, கருமுட்டை மாதந்தோறும் வெளிப்படுகிறதா என்பது. 21 முதல் 35 நாட்களுக்கு ஒரு முறை தவறாது விலக்காகிறவளுக்குப் பெரும்பாலும் வெளிப்படுகிறது என்றே கொள்ளலாம். உறுதிப்படுத்த வேண்டுமானால், அடுத்த விலக்குக்கு ஏழு நாள் முன்பாகப் புரொஜெஸ்டிரோன் அளவைப் பார்ப்பார்கள். எல்லாருக்கும் ‘21-ஆம் நாள்’ என்று சீட்டில் எழுதிக் கொடுப்பது, 35 நாள் சுழற்சி உள்ளவளுக்கு ஒரு வாரம் முந்திய சோதனையாகி, இல்லாத குறையைக் காட்டிவிடும். தைராய்டு, புரோலாக்டின் அளவுகளும் விலக்கு பிசகுகிறவர்களுக்கு அவசியம். ஏ.எம்.எச். என்ற சோதனை, சூலகத்தில் எஞ்சியிருக்கும் முட்டைகளின் தொகையைச் சுமாராகச் சொல்லும். அவற்றின் தரத்தைச் சொல்லாது. அளவு குறைந்திருக்கிறது என்பதைக் கொண்டு ஓர் இளம்பெண்ணை, இயற்கையாகக் கருத்தரிக்கவே முடியாது என்று அச்சுறுத்துவதற்கு ஆதாரமில்லை.

அடுத்தது கருக்குழாய். அறுவையின்றி அதன் அடைப்பை அறியும் உபாயத்தை முதலில் பிரபலப்படுத்தியவர் நியூயார்க் நகர வைத்தியர் ஐசிடோர் ரூபின். 1920-இல் அவர் வெளியிட்ட முறையில், கருப்பை வழியாக வாயுவைச் செலுத்த, குழாய் திறந்திருந்தால் வாயு வயிற்றுக்குள் சென்று, எழுந்து உட்கார்ந்ததும் பெண்ணுக்குத் தோளில் வலி தோன்றும். இன்று அதன் இடத்தில் இருப்பது, சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் எச்.எஸ்.ஜி. விலக்கு நின்றபின், முட்டை வெளிப்படுமுன் இதைச் செய்வார்கள்; வயிற்றைப் பிடித்து இழுப்பதுபோன்ற வலி சிறிது நேரம் இருக்கக்கூடுமாதலால், வலி நிவாரணியை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ள எந்தப் பெண்ணும் கூசவேண்டாம். சோதனையின்போது குழாய் சுருங்கிக்கொண்டாலே அடைப்புப்போலத் தோன்றும் என்பதால், கருப்பையை ஒட்டிய இடத்து அடைப்பை இந்தப் படம் ஒன்றைக் கொண்டே முடிவு கட்டலாகாது. நெதர்லாந்தில் 1,119 பெண்களைக் கொண்டு நடந்து 2017-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், எண்ணெய் கலந்த சாயம் செலுத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 39.7 பேரும், நீர்ச்சாயம் பெற்றவர்களில் 29.1 பேரும் ஆறு மாதங்களுக்குள் கருவுற்றது, சோதனையே சிகிச்சையாக அமைந்த அபூர்வம்.

நம் தேசத்தில் குழாய்க் கோளாறு என்றவுடன் க்ஷயரோகத்தையும் நினைக்க வேண்டும். இருமலோ சுரமோ இன்றி, மார்பு எக்ஸ்ரேயும் சுத்தமாக இருக்க, கருக்குழாயிலும் கருப்பையின் உட்சவ்விலும் அந்நோய் குடிகொண்டிருக்கக் கூடும். கருப்பைத் திசுவை எடுத்துச் சோதிப்பதும் லேப்ராஸ்கோப்பியில் கண்ணால் காண்பதுமே அதைக் கண்டறியும் வழிகள். ரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்த்துக் க்ஷயம் என்று சொல்லும் சோதனைகளை இந்திய அரசு 2012-இலேயே தடைசெய்துவிட்டது. எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோயைச் சந்தேகிக்கும்போதும் லேப்ராஸ்கோப்பி துணைபுரியும். எல்லாப் பெண்களுக்கும் சம்பிரதாயமாக அதைச் செய்ய வேண்டியதில்லை.

இவ்வளவும் பார்த்து ஒன்றும் அகப்படாத தம்பதிகள் நூற்றுக்கு 15 முதல் 30 வரை இருக்கிறார்கள். காரணமே இல்லை என்பது அதன் பொருளன்று. முட்டையின் தரத்தையோ, விந்தணு அதனுள் நுழையும் திறனையோ நேரில் காட்டும் சாதாரணச் சோதனை நம்மிடம் இல்லை. எனவே அந்நிலையில் வைத்தியர் அறிக்கைகளை ஒதுக்கிவிட்டு, மனைவியின் வயதையும் கழிந்த வருஷங்களையும் கணக்கில் கொள்கிறார். 26 வயதுப் பெண்ணிடம் இன்னும் சில காலம் பொறுத்திருக்கச் சொல்லும் அவரே, அதே அறிக்கையோடு வந்த 38 வயதுப் பெண்ணிடம் சிகிச்சையை உடனே தொடங்கச் சொன்னால், அதில் பணத்தாசையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.