வளைகுடாவில் பாடசாலை தேடும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

குடும்ப விசா கிடைத்து டுபாய்க்கோ தோஹாவுக்கோ ரியாத்துக்கோ பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தயாராகும் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அங்க எந்த ஸ்கூல் நல்லது?" ஓர் ஆசிரியர் என்ற முறையில் நான் திருப்பிக் கேட்பது வேறொன்று. உங்கள் பிள்ளை அடுத்த பெரிய பரீட்சையை எந்த நாட்டில், எந்த மொழியில் எழுதப் போகிறது?

வளைகுடாவில் நம்மவர்களில் பெரும்பாலானோரின் இருப்பு வேலையோடு கட்டுண்டது. ஒப்பந்தம் முடிந்தால் விசாவும் முடியும். அது நடுத்தவணையிலும் நேரலாம். ஆகவே போகும் வழியைப் போலவே திரும்பும் வழியையும் பார்த்துத்தான் பாடசாலையைத் தெரிவு செய்ய வேண்டும்.

அங்கு நமக்கு எட்டக்கூடியவை பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, பிரித்தானியப் பாடத்திட்டம். நாம் 'லண்டன் ஓ.எல்., ஏ.எல்.' என்று சொல்லும் பரீட்சைகளில் இது முடிகிறது. ரியாத், தோஹா, மஸ்கட் போன்ற இடங்களில் இலங்கைச் சமூகத்துக்கென உள்ள பாடசாலைகளையும் இந்த வரிசையில் விசாரித்துப் பாருங்கள். இரண்டாவது, இந்திய சி.பி.எஸ்.இ. இதில் கட்டணம் பொதுவாகக் குறைவு. கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். மூன்றாவது, அமெரிக்கப் பாடத்திட்டம் அல்லது ஐ.பி. நிறுவனமே கட்டணம் செலுத்தும் உயர் பதவியினரின் பிள்ளைகளே இவற்றில் அதிகம். நாடு திரும்பினால் இலங்கையின் சர்வதேசப் பாடசாலைகளில் இலகுவாகத் தொடரக்கூடியது பிரித்தானியப் பாடத்திட்டம்தான்.

வகுப்பின் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பிரித்தானிய முறையில் 'இயர் 7' என்பது இந்திய, அமெரிக்க முறைகளில் தரம் 6. பிள்ளை எந்த வகுப்பில் சேரும் என்பதை முதலில் தீர்மானிப்பது பிறந்த திகதி. இலங்கையில் தரம் ஒன்றுக்கு ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியாகி இருக்க வேண்டும். பிரித்தானியாவில் அந்தக் கணக்கு ஓகஸ்ட் 31. வளைகுடா நாடுகள் இத்திகதியைத் தத்தமது விதிப்படி வகுப்பதோடு இடைக்கிடை மாற்றவும் செய்கின்றன. எனவே பாடசாலையிடம் எழுத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

போட்டி அதிகமுள்ள பாடசாலைகளில் காத்திருப்போர் பட்டியல் இருக்கும். ஏற்கெனவே அங்கு படிக்கும் பிள்ளைகளின் சகோதரர்களுக்குப் பெரும்பாலும் முன்னுரிமை உண்டு. நுழைவுக்கு ஆங்கிலம், கணிதத்தோடு 'கேட் 4' எனும் சிந்தனைத் திறன் பரீட்சையையும் பல பிரித்தானியப் பாடசாலைகள் வைக்கின்றன. சொல், எண், வடிவம், இடவமைவு ஆகிய நான்கு பகுதிகள் கொண்ட இது, மனப்பாடத்தால் வெல்லக்கூடிய பரீட்சை அல்ல. தமிழ் மூலம் படித்த பிள்ளையைத் தடுக்கி விழுத்துவது பெரும்பாலும் கணிதம் அல்ல, கணக்கைக் கேட்கும் ஆங்கிலமே. புறப்படுவதற்கு ஓராண்டுக்கு முன்பிருந்து தினமும் அரை மணி நேரம் ஆங்கில வாசிப்புப் பழக்குங்கள். கடைசி மாத டியூஷனை விட அது பலன் தரும்.

ஆவண வேலையையும் இங்கேயே முடியுங்கள். பாடசாலை விடுகைப் பத்திரம், கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளின் தேர்ச்சி அறிக்கைகள், தடுப்பூசிப் பதிவு, பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியவை தேவைப்படும். விடுகைப் பத்திரத்துக்குக் கல்வி அமைச்சு, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு, அந்நாட்டுத் தூதரகம் என வரிசையாக அத்தாட்சி கேட்கப்படலாம். ஒன்று விடுபட்டாலும் வாப்பாவோ உம்மாவோ அதற்காகவே விமானம் ஏறி வர வேண்டிவரும்.

தரத்தை அறிய உறவினரின் பேச்சை மட்டும் நம்ப வேண்டியதில்லை. டுபாயில் கே.எச்.டி.ஏ. எனும் அரச அதிகார சபை தனியார் பாடசாலைகளைப் பரிசோதித்து, 'மிகச் சிறப்பு' முதல் 'மிகப் பலவீனம்' வரை ஆறு நிலைகளில் மதிப்பிட்டு அறிக்கை வெளியிட்டு வந்திருக்கிறது. அறிக்கை எந்த ஆண்டுக்குரியது என்பதைக் கவனியுங்கள். கட்டணத்தைப் பார்க்கும்போது பஸ், சீருடை, புத்தகம், பரீட்சைக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். மேல் வகுப்புகளில் கட்டணம் ஏறும். இன்றைய சம்பளத்தில் இயர் 1 கட்டணத்தைச் சமாளிப்பவர், அதே பாடசாலையின் இயர் 11 கட்டணத்தையும் இன்றே கேட்டு வைப்பது நல்லது.

திரும்பும் வழிக்கு வருவோம். ஐக்கிய அரபு இராச்சியத்தின் தனியார் பாடசாலைகளில் முஸ்லிம் மாணவருக்கு இஸ்லாம் பாடம் கட்டாயம், அரபும் படிப்பிக்கப்படும். ஆனால் பிரித்தானியப் பாடத்திட்டத்தில் நம் பிள்ளைக்குத் தமிழ் வகுப்பு பெரும்பாலும் கிடைக்காது. இங்கே சாதாரண தரத்தில் தாய்மொழியும் வரலாறும் கட்டாயப் பாடங்கள். ஆறு வருடம் தமிழ் எழுதாத பிள்ளையைத் தரம் 9இல் கொண்டுவந்து தமிழ் மூல வகுப்பில் அமர்த்தினால், கெட்டிக்காரப் பிள்ளையும் பின்வாங்குக்குப் போய்விடும். அரச பல்கலைக்கழக அனுமதி பிரதானமாக உள்ளூர் உயர்தர இசட் புள்ளியில்தான் நடக்கிறது. வெளிநாட்டுத் தகைமையோடு வருவோருக்கு மிகச் சொற்பமான இடங்களே உண்டு. லண்டன் ஏ.எல். பாதையில் போனால் அநேகமாகப் பணம் கட்டியே பட்டம் படிக்க வேண்டிவரும் என்பதை இப்போதே கணக்கில் எடுங்கள்.

இயர் 10, 11 இரண்டும் சேர்ந்தே ஒரு பாடநெறி. இங்கும் தரம் 10, 11 அப்படித்தான். எனவே அழைத்துச் செல்வதென்றாலும் திரும்பிக் கொண்டுவருவதென்றாலும் அதற்கு முன் செய்யுங்கள், அல்லது பரீட்சை முடியும்வரை பொறுங்கள். இடையில் பிடுங்கி நடாதீர்கள். மகள் உயர்தரத்தின் நடுவில் இருந்தால், அவள் உம்மாவோடு ஊரில் இருந்து பரீட்சையை எழுதி முடிப்பது குடும்பத்துக்குக் கஷ்டம்தான். ஆனால் பல நேரங்களில் அதுவே சரியான முடிவு.

எங்கு சேர்த்தாலும் தமிழ்ப் பாடநூல்களைப் பெட்டியில் வைத்துக் கொண்டு போங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ், வரலாறு நூல்களை வார இறுதியில் ஒரு மணி நேரம் வாசித்து, ஒரு பக்கமாவது கையால் எழுதட்டும். பெரிய பாடசாலையின் பெயர் வேலை இருக்கும்வரை நம்மோடு இருக்கும். ஊர் திரும்பும் நாளில் பிள்ளைக்குக் கை கொடுக்கப் போவது இந்த ஒரு மணி நேரம்தான்.