பதினெட்டு வயதும் சனிக்கிழமைச் சம்பளமும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் திருப்பூர் வீடுகளில் எழும் கேள்வி, "அடுத்து என்ன கண்ணு?" வேலைக்கு இங்கே பஞ்சமில்லை. செக்கிங்குக்கும், தையல்காரருக்கு உதவும் கைமடி வேலைக்கும் ஆள் கேட்டு பனியன் கம்பெனி வாசல்களில் போர்டு தொங்குகிறது. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் சனிக்கிழமை சம்பளம் கையில். வீட்டு வாடகையில் பங்கு கொடுக்கும் பிள்ளையை அன்றே பெரிய ஆளாக மதிக்கத் தொடங்கிவிடுகிறோம். அந்தப் பிள்ளையின் மனதிலோ வேறொரு கவலை: பத்து வருடம் கழித்தும் இதே டேபிளில்தான் நிற்பேனா? அதுவரை இந்த டேபிளாவது இருக்குமா?

அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் உத்தரவிட, நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2020-ல் ஊரடங்கு வந்தது. 2022-ல் நூல் விலை ஏறி, மே மாதம் உற்பத்தியை நிறுத்திப் போராட வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்ததும் ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. இவற்றில் எதுவும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் செய்த தவறல்ல. ஆனாலும் ஆர்டர் குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்கள்தான். "இந்தக் காலத்துப் பசங்க ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கிறாங்க" என்று அவர்களைக் குறை சொல்வது பெரிய அநியாயம்.

நாளை தெரியாத பயத்தைக் காட்டிலும் கொடியது ஒன்று உண்டு. அந்தப் பயத்தைக் காட்டி விற்கப்படும் பொய்யான உறுதி. இதே வட்டாரத்தின் நூற்பாலைகளில் நடந்த 'சுமங்கலித் திட்டம்' அதற்குச் சாட்சி. மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும் என்றார்கள். தென்மாவட்ட ஏழைக் குடும்பங்கள் நம்பி மகள்களை அனுப்பின. அந்தத் தொகை அவர்கள் சம்பளத்தில் பிடித்து வைத்ததுதான். உடம்புக்கு முடியாமல் இடையில் திரும்பிய பல பெண்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. விடுதியை விட்டு வெளியே போகவும் கட்டுப்பாடு. 2011-ல் நெதர்லாந்தின் சோமோ உள்ளிட்ட அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை இதை உலகின் முன் வைத்தது. வளர்ந்த பெண்ணாக மதிக்கப்பட வேண்டிய வயதில், வேண்டாம் என்று சொல்லும் உரிமையே அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது.

அதனால்தான் சொல்கிறேன்: இந்த வயதுக்குத் தேவை மூன்று வருடத்துக்கு யாரோ தரும் வாக்குறுதி அல்ல, பிடிக்காவிட்டால் வேறு இடம் போகும் தைரியம். அந்தத் தைரியம் சும்மா வராது. கைமடியில் சேர்ந்தவர் ஓவர்லாக், பேட்லாக் என்று ஒவ்வொரு மெஷினாகக் கற்றால் எந்தக் கம்பெனியிலும் அவருக்கு மதிப்புண்டு. தன் பெயரில் பி.எஃப். கணக்கும் இ.எஸ்.ஐ. அட்டையும் இருந்தால் கம்பெனி மாறினாலும் சேமிப்பும் சிகிச்சையும் கூடவே வரும். படிக்க விரும்பினால், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2022-ல் வந்த புதுமைப்பெண், 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. வேலையா படிப்பா என்று வீட்டில் பேச்சு எழும்போது அந்தப் பணம் படிப்பின் பக்கம் நிற்கிறது.

பெற்றோரும் முதலாளிகளும் செய்ய வேண்டியதும் உண்டு. முதல் சம்பளத்தை முழுதாகக் குடும்பக் கடனில் கரைக்காதீர்கள். ஒரு பங்காவது பிள்ளையின் கணக்கில் இருக்கட்டும். புதிதாக வந்தவரை வருடக்கணக்கில் ஒரே வேலையில் நிறுத்தாமல் அடுத்த மெஷினைச் சொல்லிக்கொடுங்கள். சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஆண்டு ஏற்றுமதி செய்து காட்டிய ஊர் இது. தன் பிள்ளைகளுக்கு இரண்டாவது படியைக் கட்டித் தர இந்த ஊரால் நிச்சயம் முடியும். அதைக் கேட்டு வாங்கும் உரிமை ஒவ்வொரு பதினெட்டு வயதுக்கும் உண்டு.